தடவிக் கொடுக்கும் முன் காலைத் தூக்கிப் பாருங்கள்

பெங்களூரு

அன்புள்ள நண்பருக்கு,

பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற உங்கள் குதிரை காலையில் லாயத்தை விட்டு வரும்போது விறைத்து நடக்கிறது, வலப்பக்கம் வட்டமடிக்கச் சொன்னால் காதைப் பின்னால் மடக்குகிறது, ஓடும்போது லேசாக நொண்டுவது போலவும் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எலஹங்காவுக்கு அப்பால் நீங்கள் குதிரையை விட்டிருக்கும் இடத்துக்கு மாதம் ஒருமுறை வருகிற ஒருவர், மருந்து மாத்திரை இல்லாமல் கையாலேயே முதுகெலும்பைச் சரிசெய்துவிடுவதாகச் சொல்கிறாராம். கூப்பிடலாமா என்பது உங்கள் கேள்வி. இதையே வேறு சிலரும் கேட்டுவிட்டார்கள், அதனால் எல்லோரும் படிக்கும்படி பதில் எழுதுகிறேன்.

கூப்பிடலாம். ஆனால் வரிசையில் அவர் மூன்றாவது ஆள். முதலில் லாடம் அடிப்பவர், அடுத்து கால்நடை மருத்துவர், பிறகுதான் அவர். வரிசை மாறினால் காசும் போகும், குதிரையும் போகும்.

ஏன் என்று சொல்கிறேன். குதிரை தன் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்னங்கால்களில் சுமக்கிறது. முன்னங்கால் நொண்டலில் பெரும்பகுதி குளம்பில்தான் தொடங்குகிறது. பந்தயக் குதிரைகளுக்குக் குளம்பின் முன்முனை நீண்டு, குதிப்பகுதி தாழ்ந்து கிடப்பது சர்வசாதாரணம். அந்தக் கோணத்தில் நின்றே பழகிய குதிரைக்குப் பின்தசைநாண் எந்நேரமும் இழுபட்டுக்கொண்டே இருக்கும். வலியைத் தவிர்க்கத் தோளையும் முதுகையும் இறுக்கிக்கொள்ளும். நீங்கள் பார்க்கிற விறைப்பு முதுகில் இருக்கலாம், அதன் வேர் லாடத்தில் இருக்கலாம். குளம்பு மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். தப்பாக வெட்டியதைச் சரிக்கட்ட ஒரு வருடம்கூட ஆகும். இதை எந்த மசாஜும் முடுக்கிவிட முடியாது.

இன்னொன்று. குதிரையின் முழங்காலுக்குக் கீழே பிசைந்துகொடுக்கும்படி தசை எதுவும் கிடையாது. எலும்பு, தசைநாண், தசைநார், தோல், அவ்வளவுதான். கிழிந்த தசைநாண் ஆறுவதற்கு ஒன்பது மாதம், ஒரு வருடம் என்று ஆகும். அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்துகிறவரைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். சேணம் இல்லாமல், தார் ரோட்டில், கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, குதிரையைப் பராமரிக்கும் சைஸை ட்ராட்டில், அதாவது துள்ளோட்டத்தில், ஓட்டிவரச் சொல்லுங்கள். வலிக்கிற முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும். நல்ல கால் படும்போது தலை கீழே இறங்கும். கண்ணை மூடிக்கொண்டு குளம்புச் சத்தத்தையும் கேளுங்கள், ஒரு கால் மட்டும் மெதுவாக விழும். ஒலிம்பிக்கிலும் இதைத்தான் செய்கிறார்கள். நம் ஊர்க் குதிரையேற்ற வீரர் ஃபவாத் மிர்ஸா 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தனிநபர், குழு என்று இரண்டு வெள்ளி வாங்கினார். அங்கே அவர் ஏறிய அதே குதிரை சென்யோர் மெடிகாட்டோடு டோக்கியோ ஒலிம்பிக்கில் 23ஆம் இடம் பிடித்தார். ஒலிம்பிக்கில் கடைசித் தாண்டல் போட்டிக்கு முன் ஒவ்வொருவரும் குதிரையைக் கையில் பிடித்து இப்படி ஓட்டிக் காட்ட வேண்டும். நடை சரியில்லை என்று குழு சொல்லிவிட்டால் அதோடு சரி, பதக்கக் கனவு லாயத்துக்குத் திரும்பும். ஃபவாத்தின் தந்தை ஹஸ்னைன் மிர்ஸா குதிரை மருத்துவர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

குதிரை மருத்துவர் கிடைக்கவில்லை என்ற சாக்கு மற்ற ஊர்க்காரர்களுக்குப் பொருந்தும், பெங்களூருக்குப் பொருந்தாது. 1920இல் தொடங்கிய டர்ஃப் கிளப், அகரத்தில் ராணுவக் குதிரைகள், ஹெப்பாளில் 1958 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி, குணிகல்லில் குதிரைப் பண்ணை என்று இந்த வட்டாரமே குதிரை வைத்தியம் தெரிந்த வட்டாரம். மருத்துவர் வந்தால் இடுக்கியால் குளம்பை அழுத்திப் பார்ப்பார். காலைச் சற்று நேரம் மடக்கிப் பிடித்து உடனே ஓடவிடுவார். தேவைப்பட்டால் மரத்துப்போகும் ஊசியைக் காலின் கீழிருந்து மேலாக ஒவ்வொரு இடமாகப் போட்டு, எந்த ஊசிக்கு நொண்டல் மறைகிறது என்று பார்த்து வலிக்கும் இடத்தைச் சுருக்கிக்கொண்டே வருவார். பிறகு எக்ஸ்ரே, ஸ்கேன். இதெல்லாம் செலவுதான். ஆனால் எங்கே வலி என்று தெரியாமல் ஆறு மாதம் நீவிக்கொண்டிருப்பதும் செலவுதானே!

குதிரையை வாங்கத் தெரிந்து பார்க்கத் தெரியாத கதை நம்மிடம் பழையது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கியும் வருட முடிவில் கொஞ்சம்தான் மிஞ்சும் என்று எழுதினார். லாடம் அடிப்பவரும் வைத்தியம் தெரிந்தவரும் இங்கே இல்லை, குதிரை விற்கும் வணிகர்கள் அவர்களைக் கூட்டிவருவதும் இல்லை, வருகிறவர்களைத் தடுத்தும் விடுகிறார்கள், குதிரை செத்தால்தானே அடுத்த வியாபாரம் என்பது அவர் சொன்ன காரணம். மாணிக்கவாசகர் குதிரை வாங்கப் போன கதை நமக்குத் தெரிந்த அளவுக்கு இது தெரிவதில்லை.

சரி, கையால் செய்யும் வைத்தியத்தால் என்ன பலன்? இருக்கிறது. குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால் உடம்போடு எலும்பால் இணைக்கப்படவில்லை, தசைகளின் தூளியில்தான் நெஞ்சுக்கூடு தொங்குகிறது. அதனால் தோள், கழுத்தடி, விலா ஓரத் தசைகள் இறுகினால் காலடியே குறுகிப்போகும். அந்தத் தசைகளில் தேர்ந்த கை நல்ல வேலை செய்யும். அமெரிக்காவின் ஜாக் மீகர் என்பவர் 1976 ஒலிம்பிக் சமயத்தில் அந்நாட்டுக் குதிரையேற்ற அணியோடு வேலை செய்து, விளையாட்டு மசாஜைக் குதிரைக்குக் கொண்டுவந்தார். மசாஜும் முதுகெலும்புக் கைமுறையும் குதிரையின் முதுகில் அழுத்த வலி உணரும் எல்லையை உயர்த்துகின்றன என்று 2008இல் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவை நோயில்லாத குதிரைகள். நொண்டிக் குதிரை குணமாகிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

எனக்கு அதிகம் பிடித்தது காசு அதிகம் ஆகாத ஒன்று. கேரட்டைக் காட்டி, குதிரை தானே தலையைக் கீழே முன்னங்கால்களுக்கு நடுவிலும், பக்கவாட்டில் விலாவுக்கும் இடுப்புக்கும் கொண்டுவரும்படி செய்வது. ஒவ்வொன்றிலும் சில நொடி நிறுத்த வேண்டும். 2011இல் எட்டுக் குதிரைகளை இப்படி மூன்று மாதம் பழக்கியதில், முதுகெலும்பை ஒட்டிப் பிடித்துவைக்கும் ஆழத்தசை பருத்திருந்ததை ஸ்கேனில் கண்டார்கள். எட்டுக் குதிரை சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் கெடுதல் இல்லாத பயிற்சி, கேரட் செலவோடு போகும்.

எலும்பு விலகிவிட்டது, தட்டி உள்ளே தள்ளிவிட்டேன் என்று சொல்கிறவரிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். குதிரையின் எடை சுமார் 450, 500 கிலோ. அதன் முதுகெலும்புகள் தடித்த தசைக்கும் தசைநாருக்கும் நடுவில் பூட்டிக் கிடக்கின்றன. அவை அப்படிச் சுலபமாக விலகுவதும் இல்லை, மனிதக் கை தள்ளி உள்ளே போவதும் இல்லை. மூட்டில் ஒரு சொடுக்குச் சத்தம் கேட்டதும் நமக்கு மனசு நிறைந்துவிடுகிறது. சுளுக்குக்குக் காலால் பிறந்தவரைத் தேடிப்போய் நீவிக்கொள்கிறவர்கள் நாம். நீவினதும் லேசாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே நொண்டி நொண்டி வீடு திரும்புவோம். நமக்காவது வாய் இருக்கிறது. குதிரை விஷயத்தில் லேசாகிவிட்டது என்று சொல்வது முதலாளி. லேசான நொண்டலில் தேர்ந்த மருத்துவர்களே ஒருவருக்கொருவர் ஒத்துப்போவதில்லை என்றால், பணம் கட்டிய நம் கண்ணை எவ்வளவு நம்பலாம்? அதனால் கை வைப்பதற்கு முன்னும் மறுநாளும் ஒரே ரோட்டில், ஒரே சைஸ் ஓட்ட, வீடியோ எடுத்து வையுங்கள். எது முன், எது பின் என்று சொல்லாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கை வைக்கவே கூடாத நேரங்கள் உண்டு. குளம்பு சுடுகிறது, கணுக்காலின் பின்பக்கம் நாடி திம்திம் என்று அடிக்கிறது, குதிரை எடையைப் பின்னங்காலுக்குச் சாய்த்து நிற்கிறது என்றால் குளம்பு அழற்சியாக இருக்கலாம். வேலை முடித்ததும் வேர்த்து, பின்தசைகள் கல்லாகி, சிறுநீர் காபி நிறத்தில் போனால் தசை சிதைகிறது என்று பொருள். காலைத் தரையில் ஊன்றவே மறுத்தால் எலும்பு முறிவோ குளம்புச் சீழோ இருக்கலாம். இந்த மூன்றிலும் நடக்கவிடவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம், மருத்துவருக்குப் போன் போடுங்கள்.

இனி உங்கள் ஆளிடம் கேட்க வேண்டியவை. நம் நாட்டில் 1984 கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி பதிவு பெற்ற மருத்துவர்தான் வைத்தியம் செய்யலாம். ஆகவே அவர் உங்கள் மருத்துவரோடு பேசி வேலை செய்வாரா என்று கேளுங்கள். முகம் சுளித்தால் வேண்டாம். மயக்க ஊசி போட்டுக் கழுத்தைத் திருப்புகிறேன், மரச்சுத்தியலால் தட்டுகிறேன் என்றாலும் வேண்டாம். என்ன தைலம் தேய்க்கிறார் என்று புட்டியை வாங்கிப் படியுங்கள். போட்டிக்குக் கொண்டுபோகும் குதிரை என்றால் இது விளையாட்டில்லை. 2008 ஒலிம்பிக்கில் மிளகாய்க் காரத்தின் சத்தான கேப்சைசின் பிடிபட்டதால் நார்வே அணி வெண்கலத்தைத் திருப்பிக் கொடுத்தது.

கடைசியாக உங்கள் சைஸ். தினமும் இரண்டு வேளை உங்கள் குதிரையின் உடம்பு முழுக்கக் கை வைப்பவர் அவர் ஒருவர்தான். வேலை முடிந்து மாலிஷ் செய்யும்போது எந்த இடத்தில் தோல் சிலிர்க்கிறது, எந்தக் காலைத் தூக்கக் கொடுக்க மறுக்கிறது, எந்தப் பக்கம் கொள்ளு மெல்லச் சிரமப்படுகிறது என்பது அவருக்குத் தெரியும். யாரும் கேட்பதில்லை, அதனால் அவர் சொல்வதில்லை. விறைப்பு எப்போது தொடங்கியது, சேணம் மாற்றிய பிறகா, லாடம் மாற்றிய பிறகா என்று இன்றே அவரிடம் கேளுங்கள். மருத்துவர் வரும் நாளிலும், அந்த மூன்றாவது ஆள் வரும் நாளிலும் அவருக்கு லீவு கொடுக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் பத்தி எழுத்தாளர்