போர்த் தண்ணீரும் சீர்சக்கர் சட்டையும்

கம்பைநல்லூர்,
சித்திரை 10

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். அடுத்த மாதம் இங்கே வேலையில் சேர்ந்து நம் வீட்டிலேயே தங்கப்போகிறாய் என்று தம்பி போனில் சொன்னான். நீ உடுத்துவதெல்லாம் கதர், சுங்குடி, நெளிநெளியாக இருக்கும் சீர்சக்கர் என்றும் சொன்னான். கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீரில் துவைத்துப் பழகியவள் நீ. நம் வீட்டுத் துவைக்கிற கல்லுக்கு வருவது போர்த் தண்ணீர். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

தர்மபுரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்று பள்ளியிலேயே படித்திருப்பாய். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்ததும் அதனால்தான். ஆனால் ஃப்ளோரைடு பல்லுக்கும் எலும்புக்கும்தான் பகை. துணிக்குப் பகை கால்சியமும் மக்னீசியமும். அவை சோப்போடு சேர்ந்தால் நுரை வராது, பிசுக்குதான் வரும். வழவழப்பான துணியில் பிசுக்கு அலசலில் ஓரளவு போய்விடும். மேடுபள்ளமாக நெய்த துணியில் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். நாளாக நாளாக வெள்ளை மங்கும், துணி விறைக்கும். அழுக்குப் போகவில்லை என்று மறுபடியும் சோப்பைத் தேய்ப்பார்கள். பிசுக்குதான் கூடும்.

அதனால் கட்டி சோப்பைக் காலருக்கும் கை ஓரத்துக்கும் மட்டும் வைத்துக்கொள். மற்றதற்குச் சலவைத் தூள் போதும், அதில் பிசுக்கு அவ்வளவு வராது. வெள்ளைத் துணி என்றால் வாளித் தண்ணீரில் ஒரு கரண்டி சலவை சோடாவை முதலில் கரைத்துவிட்டு, அப்புறம் தூளைப் போடு. சமையல் சோடாவைப் போட்டு ஏமாறாதே, அது வேறு. மழை பெய்கிற நாளில் இரண்டு அண்டா பிடித்து வைப்பேன். கடைசி அலசலுக்கு அதை எடுத்துக்கொள். குடிக்க வரும் ஒகேனக்கல் தண்ணீரை மட்டும் இதற்குத் தொடாதே, எனக்குப் பிடிக்காது.

புதுக் கதரைத் தைக்கக் கொடுக்கும் முன் ஒரு இரவு பச்சைத் தண்ணீரில் ஊறப்போடு. தறியில் இழுத்துக் கட்டிய நூல் அப்போதுதான் தளரும், துணி தன் அளவுக்குச் சுருங்கிக்கொள்ளும். கல்லுப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். சாயம் ஏற்றும்போதுதான் உப்புக்கு வேலை. விற்பனைக்கு வந்த துணியில் அதனால் பெரிய பயனில்லை. முதல் சில தடவை தனியாகத் துவைத்தால் போதும்.

கல்லில் அடிக்காதே, முறுக்கியும் பிழியாதே. ஈரத்தோடு உதறி, உட்புறம் வெளியே வரும்படி திண்ணை நிழலில் போடு. இந்த ஊர் வெயிலில் மாடியில் போட்டால் பருத்தி ஒரு மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்துவிடும், சாயமும் வெளுக்கும். கதரை லேசாக ஈரம் இருக்கும்போதே கொடியிலிருந்து எடுத்து இஸ்திரி போடு. அந்த ஈரத்தில்தான் நூல் இளகிக் கொடுக்கும். சூடு பட்டுக் காய்ந்ததும் வைத்த நிலையிலேயே நிற்கும். எலும்பாய்க் காய்ந்த கதர்மேல் எவ்வளவு அழுத்தினாலும் கைதான் வலிக்கும்.

சீர்சக்கருக்கு இஸ்திரிப் பெட்டியே வேண்டாம். பாவு நூலில் ஒரு பட்டையை இறுக்கியும் அடுத்த பட்டையைத் தளர்த்தியும் ஓட்டுவதால் விழும் நெளிவு அது. நெசவிலேயே இருப்பதால் துவைத்தால் போகாது. காசு கொடுத்து வாங்கிய அழகை நாமே ஏன் தட்டையாக்க வேண்டும்? சுங்குடியின் சுருக்கம் முடிச்சுப் போட்டதால் வந்தது, அது துவைக்கத் துவைக்கப் போய்விடும், வருத்தப்படாதே. புட்டா எழும்பி நிற்கிற துணியைத் தடித்த துண்டின்மேல் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கமாகத் தேய். கஞ்சி கதர்ச் சேலைக்கு மட்டும், அதுவும் நீர்க்க. கெட்டிக் கஞ்சி பள்ளத்தை அடைத்துவிடும். பீரோவில் ராமபாணப் பூச்சிக்கும் அதுதான் விருந்து.

தெருமுனை இஸ்திரி வண்டியில் கொடுப்பதானால் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக் கொடு. கரிப்பெட்டியில் சாம்பல் பறக்கும். திருவண்ணாமலைப் பெண் வினிஷா உமாசங்கர் சூரிய ஒளியில் ஓடும் இஸ்திரி வண்டியை வடிவமைத்து 2020இல் சுவீடன் நாட்டுப் பரிசு ஒன்றை வாங்கினாள். நம் தெருவுக்கு இன்னும் கரிதான்.

வரும்போது சீர்சக்கர் சட்டைகளைப் பெட்டியின் அடியில் வைத்து அமுக்காதே, சுருட்டி மேலே வை. இஸ்திரிப் பெட்டி வீட்டில் இருக்கிறது, புதிதாக வாங்க வேண்டாம்.

இப்படிக்கு,
அத்தை