பாடம் 7: விருந்தாளி வரும் பாதையில் ஒரு மேலதிக வருமானம்

2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டிய, களுபஹன தோட்டத்தில் லயத்தின் மேல் மண் விழுந்தது. மறு ஆண்டு மே மாதம் இரத்தினபுரி வெள்ளத்தில் மூழ்கியது. இப்படி வீட்டை விட்டுப் போய், முகாமிலோ உறவினர் வீட்டிலோ இருந்துவிட்டுத் திரும்பும் குடும்பங்கள் எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: "கூரை கிடைத்துவிட்டது, மாதக் கடைசிக்கு என்ன வழி?" கோழி வளர்ப்பு, தையல், வீட்டுத்தோட்டம் பற்றி முந்தைய பாடங்களில் படித்தீர்கள். இந்தப் பாடம் சுற்றுலாவைப் பற்றியது.

சுற்றுலா என்றதும் கடற்கரை ஹோட்டல் நினைவுக்கு வரலாம். உங்கள் மாகாணத்தைப் பாருங்கள். யட்டியாந்தோட்டைப் பக்கம் கித்துல்கலயில் களனி கங்கையில் ரப்பர் படகு ஓட்ட ஆட்கள் வருகிறார்கள். 1957இல் வெளிவந்த ஒரு பிரபல ஆங்கிலப் போர்ப் படத்தின் பாலம் அங்கேதான் கட்டப்பட்டது. அதைத் தேடி இன்னும் வருபவர்கள் உண்டு. கலவானைக்கு அப்பால் குடாவ வழியாகச் சிங்கராஜ வனத்துக்குள் போகிறார்கள். அது 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த காடு. மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரை பலாபத்தல, எரத்ன பாதைகளில் சிவனொளிபாதமலைக்கு யாத்திரிகர்கள் ஏறுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டவர்கள்தான். வெள்ளைக்காரர் மட்டுமே சுற்றுலாப் பயணி என்று நினைத்தால் பாதி வாடிக்கையாளரை விட்டுவிடுவீர்கள்.

இந்தப் பாதைகள் பலவற்றின் ஓரத்தில் தேயிலை மலைகளும் ரப்பர் தோட்டங்களும் இருக்கின்றன. ஆனால் வருகிறவர் செலவழிக்கும் காசில் எவ்வளவு லயத்துக்குள் வருகிறது? வான் கொழும்பிலிருந்து வருகிறது, சாப்பாடு ஹோட்டலில், அறையும் ஹோட்டலில். தோட்டத்தில் நிற்பது பத்து நிமிடம், கொழுந்து பறிக்கும் பெண்ணைப் படம் எடுப்பதற்காக. இதை மாற்ற முடியுமா என்பதுதான் கேள்வி.

மாற்றிய ஊர் ஒன்று கேரளத்தில் இருக்கிறது. குமரகம் என்ற காயலோர ஊரில் பெரிய ஹோட்டல்கள் நிறைய வந்தன. ஊர்க்காரர்களுக்கோ அவற்றால் பெரிய பலன் இல்லை, மனக்கசப்புத்தான் வளர்ந்தது. 2008இல் அங்கே பொறுப்புச் சுற்றுலாத் திட்டம் தொடங்கியபோது, குடும்பஸ்ரீ மாதர் குழுக்கள் தரிசு நிலத்தில் மரக்கறி பயிரிட்டன, ஹோட்டல்கள் அதை வாங்கின. விலையைப் பேசித் தீர்மானிக்க ஒரு குழு, தரத்தைப் பார்க்க ஒரு குழு. அந்தப் பெண்கள் யாரும் அறை கட்டவில்லை, கடன் வாங்கி வான் எடுக்கவும் இல்லை. ஹோட்டல் ஏற்கனவே வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்ததை ஊரிலிருந்தே கொடுத்தார்கள். எங்கள் கருத்தில், தோட்டக் குடும்பங்கள் தொடங்க வேண்டிய இடமும் அதுதான்.

ஏன் அறை வேண்டாம் என்கிறோம்? வீட்டில் விருந்தினரைத் தங்கவைப்பதற்கு இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு உண்டு. பதிவுக்குப் போனால் வீட்டுப் பத்திரம் பற்றிய கேள்வி வரும். லயக் காம்பரா உங்கள் பெயரில் இல்லை. நிலம் அரசினுடையது, நிர்வாகம் கம்பனியிடம். 7 பேர்ச் காணியும் உறுதியும் கிடைத்த குடும்பமானால் பிரதேச செயலகத்தில் விசாரித்துப் பார்க்கலாம். மற்றவர்கள் நிவாரணக் காசில் சீமெந்து வாங்குவதற்கு முன் தயவுசெய்து யோசியுங்கள். அதோடு, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆபத்து என்று குறித்த சரிவில் உங்கள் பிள்ளை தூங்கக்கூடாது என்றால் விருந்தாளியும் தூங்கக்கூடாது. 24 மணித்தியாலத்தில் 150 மில்லிமீற்றருக்கு மேல் மழை என்றால் அப்படிப்பட்ட இடத்தை விட்டு வெளியேற வேண்டும் என்பது அவர்களுடைய அளவு.

சாப்பாட்டில் தொடங்குவோம். ரொட்டி, கட்டச் சம்பல், பலாக்கொட்டைக் கறி, கித்துள் பாணியோடு பிளேன்டீ: இவை நமக்குச் சாதாரணம், ஹோட்டல் பஃபேயில் சலித்தவர்களுக்கு அல்ல. ஒரு பேச்சுக்குக் கணக்குப் பார்ப்போம். நான்கு பெண்கள் சேர்ந்து 10 பேருக்குப் பகல் சாப்பாடு கொடுக்கிறார்கள். தலைக்கு 800 ரூபா என்றால் 8,000. சாமானும் காஸும் 3,500, ஆட்டோ 500. மிச்சம் 4,000. குழு நிதிக்கு 400 ஒதுக்கினால் ஆளுக்கு 900 ரூபா. இது தோட்டத்துப் பேரை விடுவதற்கான காசு அல்ல. அரை நாள் வேலைக்குக் கிடைக்கும் மேலதிகக் காசு. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகும், 2020 கொரோனாவிலும், 2022இல் எரிபொருள் இல்லாதபோதும் சுற்றுலா எப்படி நின்றது என்று உங்களுக்கே தெரியும். லயத்தில் இருப்பதும் தோட்ட வேலையோடு பிணைந்த விடயம். செக்ரோலில் பெயர் இருக்கட்டும்.

சமைத்து விற்பதற்கு முன் பொதுச் சுகாதார பரிசோதகரைச் சந்தியுங்கள். அவர் முதலில் பார்ப்பது தண்ணீரைத்தான். பீலித் தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும் கொதிக்கவைத்தே கொடுங்கள். மண்சரிவுக்குப் பின் ஊற்றின் வழி மாறியிருக்கலாம்.

இளைஞர்களுக்கு வழிகாட்டி வேலை இருக்கிறது. சிங்கராஜவுக்குள் வழிகாட்டி இல்லாமல் பார்வையாளரை விடுவதில்லை. தோட்டத்தில் அப்படிச் சட்டம் இல்லை, அதனால் துரையிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும். எந்த மலையில் இன்று மருந்து அடிக்கிறார்கள், எங்கே அட்டை அதிகம், பால்வெட்டு எத்தனை மணிக்கு என்பதெல்லாம் உங்கள் மகனுக்குத் தெரியும், கொழும்பு வழிகாட்டிக்குத் தெரியாது. சிங்களமும் கொஞ்சம் ஆங்கிலமும் சேர்ந்தால் போதும். பக்கத்துக் கிராமத்துச் சிங்கள இளைஞர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதை அவர்கள் ஊர் வழியாகவும் போகிறது, கித்துள் பாணியும் பெரும்பாலும் அவர்களிடம்தான் வாங்கப் போகிறீர்கள்.

படம் எடுக்கும் விடயத்தை முதல் கூட்டத்திலேயே பேசிவிடுங்கள். நாங்கள் போன ஒரு தோட்டத்தில் பிள்ளைகள் பாடசாலைக்குப் போகாமல் வளைவில் நின்று, வான் வந்தால் பூ நீட்டிக் காசு கேட்டார்கள். ஒரு அம்மா சொன்னார்: "எங்க காம்பராவுக்குள்ளயும் எட்டிப் பார்த்து படம் எடுக்குறாங்க தம்பி, கேக்குறதுக்கு ஆள் இல்ல." கேட்பதற்கு ஆள் வேண்டும் என்றால் குழு வேண்டும். லயத்துக்குள் எதுவரை வரலாம், கொழுந்து மலையில் யாரை, யார் சம்மதத்தோடு படம் எடுக்கலாம், அந்தக் காசு யாருக்கு என்று தீர்மானித்து, பாதை தொடங்கும் இடத்தில் மூன்று மொழியிலும் ஒரு பலகை வையுங்கள். கோயில் திருவிழாவுக்கும் இதே விதி.

இந்த வாரம் செய்யக்கூடியது சிறிய வேலைதான். நான்கைந்து பேர் சேர்ந்து, அருகிலுள்ள விருந்தினர் விடுதிக்கோ படகு நடத்துபவரிடமோ போங்கள். கையில் சமைத்த சாப்பாடு ஒன்று கொண்டுபோங்கள். வாரத்தில் எத்தனை பேர் வருகிறார்கள், மரக்கறியும் முட்டையும் எங்கே வாங்குகிறார்கள், எந்த மாதங்களில் ஆள் குறைவு என்று கேட்டு, கொப்பியில் எழுதிக்கொண்டு வாருங்கள். எங்கள் கள உத்தியோகத்தர் அடுத்த முறை வரும்போது அந்தக் கொப்பியை வைத்துத்தான் மிச்சத்தைப் பேசுவோம்.