தொட்டிச் சுவரில் வெள்ளை நுரை

ஐப்பசி மழை பிடித்துவிட்டால், காரமடைப் பக்கத்துத் தோட்டங்களில் பாசனத் தொட்டியின் உட்சுவரில், தண்ணீருக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை நுரை ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். விவசாயத்துக்கு வந்த புதிதில் அதை ஏதோ சோப்பு நுரை என்று நினைத்து விளக்குமாற்றால் தள்ளிவிட்டேன். வேலைக்கு வந்த அம்மா பார்த்துவிட்டு, "ஏனுங்க சார், அது தவளை முட்டைங்க. இத்தனை உசிரைக் கழுவி உட்டுட்டீங்களே" என்றார். அது இன்னும் மனசில் உறுத்துகிறது.

அது மரத்தவளையின் கூடு. பகலில் மோட்டார் ரூமிலும் குளியலறையிலும் சுவரோடு சுவராக ஒட்டிக் கிடக்குமே, விரல் நுனியில் வட்டத் தட்டு வைத்த பழுப்புத் தவளை, அதுதான். மழை இரவில் ஆண் குரல் கொடுக்கும். உருவத்தில் பெரிய பெண் வந்து சேரும். பெண் தன் உடலிலிருந்து வரும் திரவத்தைப் பின்னங்கால்களால் மோர் கடைவது போல் அடித்து நுரையாக்கி, அதற்குள் சில நூறு முட்டைகள் இடும். நுரையின் மேற்புறம் காய்ந்து தோல் கட்டிக்கொள்ளும்; உள்ளே ஈரம் நிற்கும். சில நாளில் நுரை இளகி, தலைப்பிரட்டைகள் நேராகக் கீழே தண்ணீரில் விழும். மூக்கு நுனியில் வெள்ளிப் பொட்டு இருக்கும். அதை வைத்து அடையாளம் காணலாம். கால் முளைத்து, வால் மறைந்து, சுவரேறிப் போக ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும்.

விழும்போது அடியில் தண்ணீர் இல்லாவிட்டால் அத்தனையும் சாவுதான். அதனால் நாம் செய்ய வேண்டியவை:

1. நுரை இருக்கும்வரை அந்தச் சுவரைத் தேய்க்காதீர்கள். தொட்டியை அடியோடு காலி செய்யாதீர்கள். செய்தே தீரவேண்டுமென்றால், தலைப்பிரட்டைகளை அதே தண்ணீரோடு வாளியில் மொண்டு வையுங்கள்.

2. பிளீச்சிங் பவுடர் வேண்டாம். கொசுவுக்கென்று கம்பூசியா மீனும் விடவேண்டாம். அது தலைப்பிரட்டையையும் தின்னும்.

3. இயற்கை விவசாயத்திலும் போர்டோக் கலவை அடிக்கிறோம். அதிலுள்ள தாமிரம் தலைப்பிரட்டைக்கு நஞ்சு. ஸ்பிரேயர் கழுவிய தண்ணீர் தொட்டியில் சேரக்கூடாது.

தவளை தோலாலேயே தண்ணீரை உறிஞ்சும். தண்ணீரில் நாம் கலப்பது அதன் உடம்புக்குள் போகும். நாம் தூங்கும் நேரத்தில் அந்துப்பூச்சியையும் வெட்டுக்கிளியையும் பிடித்துத் தின்பதும் அதுதான்.

இப்போதெல்லாம் எங்கள் தொட்டி கழுவுவது தை பிறந்த பிறகுதான். அதுவும் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு.