மணி அடித்தால் மூலை மாற வேண்டுமா?

கேள்வி: எங்கள் யூகேஜி வகுப்பில் 24 குழந்தைகள். கதைப் புத்தகம், மரக்கட்டை, மணல், வீட்டு விளையாட்டு என நான்கு மூலைகள். 10 நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்துக் குழுக்களை மாற்றுகிறோம். ஒவ்வொரு முறையும் அழுகை, ரகளை. என்ன செய்யலாம்? – ஓர் ஆசிரியை, கும்பகோணம்

பதில்: அழுகைக்குக் காரணம் பிடிவாதம் அல்ல, நேரக் குறைவு. கட்டைகளைக் கொட்டி, யார் எதைக் கட்டுவது என்று பேசி முடிப்பதற்குள்ளேயே 10 நிமிடம் ஓடிவிடும். கோபுரம் பாதியில் நிற்கும்போது மணி அடித்தால் எந்தக் குழந்தைதான் எழுந்து வரும்?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், இப்சிலாண்டி நகரில் டேவிட் வைகார்ட் 1962-ல் ஒரு பாலர் பள்ளித் திட்டத்தைத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்த ஹைஸ்கோப் முறையில் சுழற்சி மணியே இல்லை. எங்கே விளையாடப் போகிறது என்பதைக் குழந்தையே முதலில் சொல்கிறது, விளையாடுகிறது, பிறகு செய்ததை எல்லோருக்கும் சொல்கிறது.

இதை இங்கேயும் செய்யலாம். ஒவ்வொரு மூலையிலும் ஆறு கொக்கிகள்; குழந்தை தன் படம் ஒட்டிய அட்டையை மாட்டிவிட்டு உட்காரட்டும். கொக்கி காலியில்லை என்றால் வேறு மூலை. ஆனால் நான்கு மூலைக்கு 24 கொக்கிதான், இடம் மாற வழியே இருக்காது. களிமண்ணுக்கு ஐந்தாவது மூலை அவசியம்.

மொத்தமாக 40 நிமிடமாவது கொடுங்கள். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். பாதிக் கோபுரத்தைக் கலைக்காமல், பெயர் அட்டை வைத்து மறுநாளுக்கு விட்டுவிடுங்கள். புத்தக மூலைக்குப் பக்கத்தில் கட்டைகள் வேண்டாம். சத்தத்தில் யாரும் படிக்க முடியாது.

ஒரு வாரமாகப் புத்தகப் பக்கமே போகாத குழந்தை இருந்தால், கட்டை மூலையிலேயே கட்டடப் படங்கள் உள்ள புத்தகம் ஒன்றை வையுங்கள்.