கச்சேரி பத்து மணிக்கே முடிகிறதே!

நான் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். பகலில் செம்பூரில் வேலை, வாரம் மூன்று நாள் கச்சேரி. "வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வர்றீங்க" என்கிறாள் மனைவி. குழுவை விட்டுவிடட்டுமா? – ஒரு வாசகர், தாராவி

விடாதீர்கள், தம்பி. இளையராஜாவே சகோதரர்களோடு ஊர் ஊராக மேடையேறி வளர்ந்தவர்தான்.

உங்கள் வீட்டில் சிக்கல் கச்சேரியால் அல்ல, அதற்குப் பின் கரையும் நேரத்தால். திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு விதி. விழாக் காலத்தில் சில நாட்களுக்குத்தான் 12 மணி வரை விலக்கு. மற்ற நாட்களில் கச்சேரி பத்து மணிக்கே முடிகிறதே, பிறகு ஒரு மணிவரை எங்கே இருக்கிறீர்கள்? ஒயர் சுருட்டுகிறீர்கள், பாக்கிப் பணத்துக்குக் காத்து நிற்கிறீர்கள், பாவ் பாஜி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பாட்டில் ஸ்ருதி விலகியது என்று பேசுகிறீர்கள். மேடை ஏறும் முன்பே முழுப் பணத்தையும் வாங்கிவிடச் சொல்லுங்கள். சாமான் ஏற்றுவதற்கு முறை வையுங்கள். உங்கள் முறை இல்லாத நாளில் நேரே வீட்டுக்கு!

அடுத்தது காலண்டர். விநாயகர் சதுர்த்தி, நவராத்திரி, கல்யாண முகூர்த்தங்கள் உங்களுக்கு. ஆனால் முதலில் பேனாவை மனைவியிடம் கொடுங்கள். வீட்டில் ஒரு பிறந்தநாளோ, அவருடைய அம்மா ஊரிலிருந்து வரும் நாளோ, அவர் வட்டம் போட்ட தேதிக்கு எவ்வளவு பணம் தந்தாலும் மாற்று ஆளை அனுப்புங்கள். மார்கழியில் கல்யாணக் கச்சேரி இல்லை. அந்த மாதத்தின் ஞாயிறு காலைகளில் மாதுங்கா கடைத்தெருவுக்கு இருவருமாகப் போய், மல்லிகைப்பூ வாங்கி, ஃபில்டர் காப்பி குடித்துவிட்டு வாருங்கள்.