சேற்றில் மாட்டிய லாரிக்கு எந்தக் கயிறு?



2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது 24 மணி நேரத்தில் சுமார் 48 செ.மீ. மழை கொட்டியது. பிறகு சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து, தென்பெண்ணை பெருகி பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் புகுந்தது. அப்படிப்பட்ட மழைக்குப் பிறகு ரோட்டை விட்டு நாலடி இறங்குகிற லாரி, சக்கரத்தின் நடுப்பகுதி வரை புதைந்துவிடும். ஒரு டிராக்டர் வரும். "கயிறு கொண்டா!" என்று ஒரு குரல் வரும். எந்தக் கயிறு என்று யாராவது கேட்கிறார்களா? நம்ம அரியாங்குப்பத்துக்குத் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகம் பக்கம்தான். படகுக் கயிறு கைக்குக் கிடைத்தால் அதையே கட்டத் தோன்றும்.

முதலில் எவ்வளவு விசை வேண்டும் என்று பார்ப்போம். 2018 முதல் இரண்டு அச்சு லாரிக்குச் சரக்கோடு 18.5 டன் அனுமதி. தார் ரோட்டில் நியூட்ரலில் அதை நகர்த்தச் சில நூறு கிலோ இழுவிசை போதும். சேற்றில் கதையே வேறு. அமெரிக்க ராணுவத்தின் வண்டி மீட்புக் கையேட்டில் ஒரு கணக்கு உண்டு: சேறு ஹப் வரை இருந்தால் வண்டியின் மொத்த எடைக்குச் சமமான விசை, மட்கார்டு வரை ஏறினால் அதில் இரண்டு மடங்கு. அதாவது 18.5 டன், இல்லை 37 டன்! ஆகவே கயிற்றைத் தேடும் முன் மண்வெட்டியைத் தேடுங்கள். சரக்கை இறக்கினால் லாரி ஏழு டன் அளவுக்கு வந்துவிடும். சக்கரத்துக்கு முன்னால் சேற்றை வெட்டிப் பலகை போட்டால் இன்னும் குறையும்.

இனி கயிறு. இழுப்பதில் இரண்டு வகை: நிதானமாக இழுப்பது, கயிற்றைத் தளரவிட்டு ஓடிவந்து வெடுக்கென்று இழுப்பது. வீராம்பட்டினம் தேர் முதல் வகை. நூற்றுக்கணக்கானோர் வடத்தை முதலில் விறைப்பாக்கிய பிறகுதான் தேர் அசைகிறது. நம்ம டிராக்டர்காரர்களுக்கு இரண்டாவது வகைதான் பிடிக்கும்.

அந்த வெடுக்கை நாம் படித்த சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். 3 டன் டிராக்டர், மணிக்கு 10 கி.மீ. வேகம். இயக்க ஆற்றல் சுமார் 11,600 ஜூல். இது 50 கிலோ மூட்டை எட்டு மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். இந்த ஆற்றல் முழுவதையும் கயிறு தன் நீட்சியில் வாங்க வேண்டும். சராசரி விசை, உச்ச விசையில் பாதி என்று வைத்தால், உச்ச விசை = 2 × ஆற்றல் ÷ நீட்சி. 10 மீட்டர் இரும்பு ரோப் ஒரு சதவீதம், அதாவது 10 செ.மீ. நீண்டால் 232 கிலோ நியூட்டன், ஏறக்குறைய 23.5 டன். நல்ல 20 மி.மீ. ரோப் அறுபடுவதே கிட்டத்தட்ட அந்தச் சுமையில்தான். சங்கிலி இன்னும் மோசம். ஒரு கண்ணி விட்டால் போச்சு, முன்னறிவிப்பே இருக்காது.

அதே இடத்தில் நைலான் கயிறு 30 சதவீதம், அதாவது 3 மீட்டர் நீண்டால் உச்ச விசை 800 கிலோ அளவுதான். கயிறு தப்பிக்கும். ஜீப், கார் என்றால் அந்த விசையோடு டிராக்டரின் சொந்த இழுவையும் சேர்ந்து வண்டி வெளியே வந்துவிடும். லோடு லாரி அசையுமா? அசையாது. என் கருத்து இதுதான்: தாங்கும் நைலான் லாரியை எடுக்காது. எடுக்கக்கூடிய இரும்பு ரோப்பை வெடுக்கென்று இழுக்கவே கூடாது. லாரிக்கு இரும்பு ரோப், நிதானமான இழுப்பு, நடுவில் ஒரு கப்பி. கப்பியை லாரியில் மாட்டி, ரோப்பின் ஒரு முனையை உறுதியான மரத்திலோ நிறுத்திய கனரக வண்டியிலோ கட்டி, மறுமுனையை டிராக்டர் இழுத்தால், உராய்வு போக விசை ஏறத்தாழ இரண்டு மடங்கு. அப்படியும் வரலைன்னா கிரேனைக் கூப்பிடுங்க, கௌரவம் பார்க்காதீங்க.

படகுக் கயிறு? அது பாலிபுரொப்பிலீனாக இருந்தால் தண்ணீரில் மிதக்கும், அது கடலுக்கு நல்லது. வெயிலில் நாளாக நாளாக வலு குறையும். பழைய கயிற்றை நம்பி லாரியை இழுக்க வேண்டாம். பாலியெஸ்டர் பெல்ட் அதிகம் நீளாது. ரிப்பேரான வண்டியை ரோட்டில் கட்டி இழுத்துப்போக அதுவே சரி. எந்த நார்க் கயிறானாலும் முடிச்சுப் போட்டால் வலு பாதியாகலாம். பின்னிய கண்ணும் ஷேக்கிளும்தான் முறை. கட்டுவது சேஸிஸின் இழுவைக் கொக்கியில், பம்பரில் அல்ல.

நீண்ட கயிறு அறுந்தாலோ கொக்கி பிய்ந்தாலோ அந்த ஆற்றல் திரும்பி ஆள் மேல் வரும். நைலானில் இது இன்னும் அபாயம், நீட்சி அதிகமல்லவா? வேடிக்கை பார்க்கிற பசங்களை, கயிற்று நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு விரட்டுங்கள். கயிற்றின் நடுவில் நனைந்த கோணி இரண்டைப் போடுங்கள், அறுந்தால் வீச்சு குறையும். விறைத்த ரோப்பை யாரும் தாண்டக் கூடாது.

ரோப்பில் யூ கிளிப் போடுகிறவர்கள் கவனிக்க: 16 மி.மீ. ரோப்புக்குக் குறைந்தது மூன்று. கிளிப்பின் அடிக்கட்டை சுமை தாங்கும் பக்கம், யூ வளைவு வால் பக்கம். மாற்றிப் போட்டால் யூ வளைவு சுமை தாங்கும் கம்பிகளையே நசுக்கிவிடும். ரோப் விறைத்த பிறகு நட்டுகளை இன்னொரு முறை முடுக்குங்கள்.