தளத்துக்கு வருபவர் என்ன தேடுகிறார்?

கோவையில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கும் என் மாமா, "வெப்சைட்டைப் பார்த்து ஒரு போன்கூட வரலை, நிறுத்திடு மாப்ளே" என்றார். தளம் தொடங்கியபோதே அதைக் கூகுள் சர்ச் கன்சோலில் சேர்த்திருந்தேன். இது இலவசம்.

இதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குச் செல்லுங்கள். அதிகபட்சம் 16 மாதத் தகவல் கிடைக்கும். 'குவரிஸ்' டேபை க்ளிக் செய்தால், தேடிய சொற்கள் வரும். 'சப்மெர்சிபிள் மோட்டார்' தேடலில் மாமாவின் தளம் பலமுறை தோன்றியும், க்ளிக் மிகக் குறைவு. பக்கத் தலைப்பில் அந்தச் சொல்லே இல்லை!

அடுத்து, 'டிவைசஸ்' டேப். பெரும்பாலோர் மொபைலில் வந்தவர்கள். போன் எண்ணோ படமாக இருந்தது. தொட்டால் அழைப்பு போகாது.

இரண்டையும் திருத்தினேன். அடுத்த மாதம் மாமாவே, "இன்னும் என்ன தேடுறாங்க, பாரு" என்றார். நீங்களும் மாதம் ஒருமுறை பாருங்கள்.